முழங்காலுக்கு ஒரு முட்டு

மருதமுனை,
12.03.1955, சனிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் ஜனாப் ஸைனுலாப்தீன் அவர்களின் சமுகத்திற்கு, தங்கள் தங்கை ஆயிஷா உம்மாவின் கணவன் ஷரிபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பதுளையில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கவும், கடை நல்லபடி நடக்கவும் அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். எல்லாரும் என்று எழுதும்போது என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நேற்று வெள்ளிக்கிழமை நான் மௌத்தாகிவிட்டதாகத் தங்களுக்கு ஒரு தந்தி வந்திருக்கும். அந்தத் தந்தி என்னைக் கேட்காமல் அடிக்கப்பட்டது. எனக்காக அங்கே யாஸீன் ஓதத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடவும். ஓதி முடித்திருந்தால் அதன் நன்மையை என் வாப்பாவுக்குச் சேர்த்துவிடவும், அவர் உண்மையிலேயே மௌத்தானவர்.

மூன்று வருடமாக நான் தங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. தாங்களும் எழுதவில்லை, எங்கள் கடப்படியை மிதிக்கவும் இல்லை. இப்போது எழுத வேண்டி வந்தது தந்திக்காக மட்டுமல்ல. அடுத்த கிழமை கழித்து வருகிற ஞாயிறு எங்கள் மகள் முனவ்வறாவுக்குக் காவின், கலியாணம். மாப்பிள்ளை சாய்ந்தமருதுப் பொடியன் மசூர், நல்ல பிள்ளை. வீடு வெள்ளையடித்தாயிற்று, பந்தலுக்குக் கால் நட்டாயிற்று. ஆனால் தங்கள் தங்கை ஒரே பிடியாய் நிற்கிறா. "கலியாணத்தண்டு முதல் சகனில் என் கூடப்பிறந்த காக்காவும் நீங்களும் ஒண்டாக் குந்திச் சாப்பிடோணும், குந்தாட்டி இந்த ஊட்டில ஒரு பாயும் விரிக்க விடமாட்டன்" எண்டு எனக்குச் சொல்லிப்போட்டா. அவ சொன்னா சொன்னதுதான் எண்டு உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே வளர்த்தது.

இந்தக் கோவம் எங்க தொடங்கினது எண்டு எனக்கு நல்லாத் தெரியும். கல்முனையில உங்கட பெரியப்பாட பேரன்ட கலியாணம். பந்தல் நிறையச் சனம். நீங்க நடுப்பாயில நிண்டுக்கிட்டு, ஷரிபுதீன் இஞ்ச வா, நாம ஒரு சகன்ல குந்துவம் எண்டு ஊர் கேக்கக் கூப்பிட்டீங்க. நான் கேக்காத மாதிரிப் போய், உத்தியோகத்தர்மாருக்குப் போட்டிருந்த மேசையில, கதிரையில குந்திக்கிட்டன். அண்டையில இருந்து நீங்க, என்னோட சகன்ல குந்த அவனுக்குக் குறைச்சலாப் போயிட்டு, துரைமாரோட மேசையில குந்தினவன் எண்டு கண்ட கண்ட ஆக்களிட்டச் சொல்லித் திரியுறீங்க. மச்சான், அது பெருமையுமில்ல, எருமையுமில்ல. அது முழங்கால். இருபது வயசில குழித்தறியில இறங்கினவன் நான். காலைக் குழிக்குள்ள தொங்கப்போட்டு மிதிச்சு மிதிச்சு, என்ட முழங்கால் தொங்குறத்துக்கு மட்டுந்தான் பழகிக் கிடக்கு. சகன் எண்டா என்ன, ஒரே பெரிய தட்டச் சுத்தி ஆறு பேர் கால மடக்கி நெருக்கிக் குந்தோணும், ஒருத்தன் கால நீட்டினா அது மத்தவன்ட சோத்துக்குள்ள போகும். எனக்கு முழங்கால் மடங்காது எண்டு அவ்வளவு சனத்துக்குள்ள வைச்சு நான் எப்பிடிச் சொல்றது? நீங்க விளங்காட்டிக் கேட்டிருக்கலாமே. கேக்காமப் பஸ்ஸேறிப் பதுளைக்குப் போனது ஆர்ர பிழை?

சரி, அது கிடக்கட்டும். இவ பாய் விரிக்க விடமாட்டன் எண்டு சொன்ன அண்டையில இருந்து எனக்கு நித்திரையில்ல. மகள்ட காவின் என்ட முழங்கால்ல வந்து நிக்குது எண்டா, எந்த வாப்பாவுக்கு நித்திரை வரும்? அந்த நேரம் பார்த்துத்தான் செபரட்ணம் மாஸ்டர் நான் நெய்யிற சாரம் எடுக்க வந்தார். கல்முனையில மிசன் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு ஓய்வெடுத்தவர், வயசு எழுபதுக்கு மேல. பாயில குந்திச் சாரத்த விரிச்சு விரிச்சுப் பார்த்துப்போட்டு, கையூன்றாம, சுவரப் பிடிக்காம, சும்மா ஒழும்பி நிண்டார். நான் சாரத்த விட்டுப்போட்டு அவர்ர காலப் பார்த்துக்கிட்டு நிண்டன். விசாரிச்சா, வாலிபத்தில பெங்களூருக்குப் படிக்கப் போன காலத்தில யோகாசனம் பழகினவராம், இண்டுவரைக்கும் விடல்லயாம். எனக்கும் பழக்க ஏலுமா எண்டு கேட்டன். என்ட முழங்கால வெள்ளரிப்பழம் பார்க்கிற மாதிரி அமத்தி அமத்திப் பார்த்தார். "உடம்பு தரைக்கு வராட்டிப் பறவாயில்ல ஷரிபுதீன். தரையைக் கொஞ்சம் மேல கொண்டு வருவம்" எண்டார்.

தரைய எப்பிடி மேல கொண்டு வாறது எண்டு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டன். அதுக்குத்தான் முட்டு. குலை பாரத்தில சாயுற வாழைக்கு முட்டுக் குடுக்கிறமே, அதேதான், மனிசனுக்குக் குடுக்கிறது. இடுப்புக்குக் கீழ ஒண்டு, முழங்காலுக்குக் கீழ ஒண்டு, கை எட்டாட்டி கைக்கு ஒண்டு. நாளுக்கு நாள் முட்டின்ட உயரத்தக் குறைச்சுக்கிட்டே வந்தா உடம்பு தெரியாமத் தரைக்கு இறங்கிருமாம். வேதக்காரர் ஒருத்தர் சைவ ஆக்கள்ர வித்தைய சோனகன் எனக்குப் படிப்பிக்கிறது சரியா எண்டு பள்ளியில தொழுவிக்கிற லெப்பையிட்டக் கேட்டன். கதிரையில குந்தித் தொழுறவன் நிலத்தில நெத்தி வைக்கிறத்துக்கு உதவுமெண்டா என்னத்துக்கு யோசிக்கிறீங்க, ஆனா சுபஹுத் தொழுகைய விட்டுப்போட்டு வித்தை செய்யாதீங்க எண்டுட்டார். ஆயிஷாவத் தவிர ஊருக்கு ஒருத்தருக்கும் தெரியாம, தறியறைக் கதவச் சாத்திக்கிட்டு, சுபஹுக்குப் பொறவு தொடங்கினம்.

முட்டுச் சாமான் எண்டு கடையில விக்கிறதில்லயே. ஊட்டில கிடந்ததத்தான் எடுத்தம். கலியாண வீட்டில கிடக்கிற எல்லாச் சாமானுக்கும் ஒரு வேலை இருக்கு எண்டு எனக்கு அப்ப விளங்கல்ல. முதல்ல கூடத்தில குந்துற நீட்டு மரவாங்கு. அதுக்கு மேல குப்புறப் படுத்துக் கையையும் காலையும் தொங்கப்போடச் சொன்னார், முதுகு இளகுமாம். அண்டைக்கெண்டு மாப்பிள்ளைட உம்மா, பேர் உம்மு, வீடு பார்க்க வந்துட்டா. கூடத்தில குந்த வாங்கக் காணல்ல எண்டு ஆயிஷா தேட, மனிசி தானாவே தறியறைக் கதவத் திறந்துட்டா. நான் வாங்கில வெயில்ல காயப்போட்ட நெத்தலி மாதிரிக் கிடக்கிறன். மாஸ்டர் தறிக்குப் பின்னால. என்ன செய்றீங்க எண்டு கேட்டா, விழுந்த நூற்கட்டையத் தேடுறன் எண்டு வாயில வந்ததச் சொன்னன். பாவம், அவவும் குனிஞ்சு தேடத் தொடங்கிட்டா. இல்லாத நூற்கட்டைய ரெண்டு சம்மந்திமாரும் நல்ல நேரமாத் தேடினம். கடைசியில அவ ஒண்டக் கண்டெடுத்துத் தந்துட்டுத்தான் போனா.

மறுகா நெல் அளக்கிற மரைக்கால். அதக் கவிட்டு வைச்சு அதுக்கு மேல என்னக் குந்தவைச்சார். என்ட பாரத்தில அதுட அடி உள்ள போயிட்டு. பக்கத்து வளவு முகைதீன்பாவா நெல் அளக்க அத இரவலா வாங்கிப்போட்டு, உங்கட மரைக்கால் சின்னனாப் போயிட்டு எண்டு கொண்டு வந்து முகத்துக்கு நேர நீட்டினார். மரைக்கால் எப்பிடிச் சின்னனாகும், மழையில சுருங்கிச்சோ எண்டு நான் திருப்பிக் கேட்டன். அதுக்குப் பொறவு உருளைத் தலகணி. மாப்பிள்ளைட கட்டிலுக்கெண்டு ஆயிஷா இலவம் பஞ்சு அடைச்சு, கையாலேயே தைச்சு, பெட்டகத்தில வைச்சிருந்த தலகணி. இரண்டாம் நாளே தையல் விட்டுட்டு. தறியறையெல்லாம் பஞ்சு. தும்மித் தும்மித்தான் யோகாசனம் செஞ்சம். கிணத்தடிக்கு வாங்கின செங்கல்ல கொஞ்சம் உள்ளுக்கு வந்துட்டு, தறியில அறுத்த கரைத்துண்டுகள் என்ட காலக் கட்டுற வாராப் போயிட்டு. ஆயிஷா கோவத்தில சோத்துப் பானைய இறக்கி வைக்கிற சத்தமே வேற மாதிரி இருந்திச்சு.

ஆனா மச்சான், சும்மா சொல்லக்கூடாது. வாங்கில இருந்து மரைக்காலுக்கும், மரைக்கால்ல இருந்து தலகணிக்கும், தலகணியில இருந்து ஒத்தைச் செங்கல்லுக்கும் இறங்கி வந்துட்டன். போன திங்கக்கிழமை சுபஹுக்குக் கதிரையத் தள்ளி வைச்சுப்போட்டுப் பாயில நிண்டு தொழுதன். நெத்தி நிலத்தில பட்டிச்சு. எவ்வளவு காலத்துக்குப் பொறவு. நான் அழுதுட்டன், வெக்கத்த விட்டுச் சொல்றன். அண்டைக்கு ஆயிஷா பெட்டகத்தத் திறந்து மத்தத் தலகணியையும் தானாவே எடுத்துத் தந்தா. மாஸ்டர் சொன்னார், குந்துறது பிடிபட்டுட்டு, தொழுகையில எப்பிடியோ சுவரப் பிடிச்சு நிமிருறீர், முட்டில்லாம ஒழும்புறது அடுத்த பாடம் எண்டு.

இப்ப நேத்தையக் கதைக்கு வாறன். நேத்து மாஸ்டர் ஒரு புதுப் பாடம் தந்தார். மல்லாந்து படுத்து உடம்பைச் சும்மா விடுறது. இதென்ன பெரிய வித்தை எண்டு நினைச்சன். ஆனா நான் படுத்தா என்ட ரெண்டு பாதமும் ரெண்டு பக்கத்துக்குச் சாயும், இடுப்பு இழுக்கும். அதுக்கு அவர் ரெண்டு காற்பெருவிரலையும் கரைத்துண்டால சேர்த்துக் கட்டிவிட்டார். மூக்கால மூச்சு விடோணும், எனக்கு வாய் தானாத் திறக்கும். அதுக்கு நாடியச் சுத்தி உச்சந்தலையில ஒரு கட்டு. கண்ணுக்கு மேல ஒரு துணி. ஈ மொய்க்குது எண்டு தறியில இருந்து அப்பதான் அறுத்த, ஓரம் மடிக்காத வெள்ளைத் துணியால கழுத்துவரை மூடினார். முழங்காலுக்குக் கீழ வைக்க இன்னொரு செங்கல் தேவை, அசையாமக் கிடவும், வாறன் எண்டு போனார். கிணத்தடிக் கல்லு முடிஞ்சதால மனிசன் கல்முனைக்கே போயிட்டார்.

நான் எந்தப் பக்கம் தலை வைச்சுக் கிடந்தன் எண்டு கேளுங்க. தறி கிடக்கிற கிடைக்கு வேற வழியில்ல, வடக்க, மையித்தக் கிடத்துற மாதிரியே. வெள்ளிக்கிழமை எண்டு ஆயிஷா வீட்டுக்குள்ள சாம்பிராணி போட்டுப்போட்டு, கலியாணத்துக்குச் சொல்ல மூத்தம்மா வீட்டுக்குப் போயிட்டா. கிழிஞ்ச தலகணியில இருந்து பறந்த பஞ்சு கொஞ்சம் என்ட மூக்குத் துவாரத்தில ஒட்டிக் கிடந்திருக்கு. நான் நல்ல நித்திரை. முழங்கால் நோகாம நித்திரை கொண்டு எவ்வளவு காலம்.

அந்த நேரம் முகைதீன்பாவா திரும்பவும் மரைக்காலுக்கு வந்திருக்கார். தறியறைக்குள்ள எட்டிப் பார்த்திருக்கார். அவர் ஆளத் தொட்டுப் பார்க்கிற ஆளில்ல, ஊருக்குச் சொல்ற ஆள். ஒரே ஓட்டம் பள்ளிக்கு. பள்ளியில மௌத்துச் சொல்ற நகரா அடிச்சாச்சு. மறுகா சைக்கிள்ல கல்முனைத் தபால் கந்தோருக்குப் போய் உங்களுக்குத் தந்தியும் அடிச்சுப்போட்டு வந்துதான் மூச்சு விட்டிருக்கார். லெப்பை வந்தவர் நாடி பிடிச்சுப் பார்ப்பம் எண்டு நினைச்சாராம். ஆனா விரலும் கட்டி, நாடியும் கட்டிக் கிடக்கிறதால, ஆரோ தெரிஞ்ச பெரியாள் எல்லாம் பார்த்துத்தான் கட்டியிருக்கு எண்டு விட்டுட்டாராம். ஆயிஷா வந்து சேர நேரம் கடப்படி நிறையச் சனம். யோகாசனம் எண்டு அவவுக்குத் தெரியுந்தான், ஆனா இவ்வளவு பேர் சொன்னாப் பிழையா இருக்குமா எண்டு நினைச்சாவாம்.

எனக்கு முழிப்பு வந்தது யாஸீன் சத்தத்தில. கால அசைக்கிறன், அசையல்ல. வாயத் திறக்கிறன், திறக்கல்ல. கண்ணுக்குள்ள இருட்டு. சுத்திவர அழுகை. மச்சான், நானும் நம்பிட்டன். முழங்காலும் நோகல்லயா, அதோட எனக்கு முழு நிச்சயமாயிட்டு. ஆரோ, வெள்ளிக்கிழமை மௌத்து, குடுத்து வைச்ச மனிசன் எண்டு சொல்றான். முகைதீன்பாவா, கோவக்காரன்தான், ஆனா அவர்ர சாரத்தில சாயம் போகாது எண்டு அழுகிறார். உசிரோட இருக்கக்குள்ள இத ஒருக்காச் சொல்லியிருந்தா நான் மரைக்கால திருத்திக் குடுத்திருப்பன்.

அப்பதான் ஆயிஷாட சத்தம் கேட்டிச்சு. தலமாட்டில இருந்து சொல்லிச் சொல்லி அழுகிறா. "என்ட காக்காவோட ஒரு சகன்ல குந்தாமலே போயிட்டீங்களே. அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க" எண்டு. அதக் கேட்டு எனக்குத் தாங்கல்ல. அழுகை வந்துட்டு. வாய் கட்டிக் கிடக்கிறதால சத்தம் வரல்ல, கண்ணீர் மட்டும் துணியால ஊறிக் காதடிக்கு ஓடியிருக்கு. முகைதீன்பாவாதான் முதல்ல கண்டவர். மையித்து அழுவுது எண்டார். யாஸீன் நிண்டுட்டு. நான் கையூன்றி எழும்பிக் குந்தினன். அவ்வளவுதான், ஒரு கதவால அவ்வளவு சனம் வெளிய போகும் எண்டு நான் அண்டைக்குத்தான் கண்டன். ஆயிஷா மட்டும் போகல்ல. என்ட கால் விரல்ல கிடந்த கட்டப் பிடிச்சுக்கிட்டு, சிரிக்கிறாவா அழுகிறாவா எண்டு தெரியாமக் கிடந்தா.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் செங்கல்லோட வந்தார். என்னைக் கண்டதும் கோவம் வந்துட்டு அவருக்கு, ஆர் இவர எழுப்பினது, இன்னும் நேரம் முடியல்லயே எண்டு. பொறவுதான் எல்லாம் விளங்கி எல்லாரும் திரும்பி வந்தாங்க. என்னைத் தூக்க வாசல்ல வந்து நிண்ட சந்தூக்கைத் திருப்பிப் பள்ளிக்குத் தூக்கிப் போனாங்க. கபுறு பாதி வெட்டியாச்சு எண்டு வெட்டினவங்க என்னைக் குற்றவாளிய மாதிரிப் பார்த்தாங்க. உம்மு மட்டும் கிட்ட வந்து, அண்டைக்கு நாம நூற்கட்டை தேடினதும் இதுதானா எண்டு கேட்டா. ஓம் எண்டன். கலியாணத்த நிப்பாட்டிருவாவோ எண்டு நான் ஆயிஷாவப் பார்த்தன். அவ, மசூர்ட வாப்பாவுக்கும் முதுகு பிடிப்பு, அந்த மாஸ்டர் சாய்ந்தமருதுக்கும் வருவாரா எண்டு கேட்டுக்கிட்டுப் போனா. முகைதீன்பாவா, தந்தியடிச்ச பிழைக்குப் பரிகாரமா இண்டைக்குப் பகல் ஒரு சகன் சோறு தன்ட ஊட்டால அனுப்புறன் எண்டு சொல்லியிருக்கார்.

இதுதான் மச்சான் நடந்தது. உன்னை நீ எண்டு கூப்பிட்டே பழகினவன் நான், இந்த நீங்களும் தாங்களும் எனக்கு வாயில ஒட்டுதில்ல. சின்னனில கடல்ல ஒண்டா நீந்தினவங்க நாங்க. உன்ட தங்கச்சி என்ட மையித்துக்கு முன்னால அழுத அழுகைய நான் காதால கேட்டுட்டன், அது என்னை விடுதில்ல. நீ வா. வந்து முதல் சகன்ல குந்து. நானும் பக்கத்தில குந்துறன், வாங்குமில்ல, தலகணியுமில்ல, செங்கல்லுமில்ல, ஒரு முட்டுமில்லாம, ஊர் பார்க்கக் கால மடக்கி. ஷரிபுதீன் சொன்னாச் சொன்னதுதான்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லாருடைய ஸலாம். தங்கள் ஆயுளையும் தொழிலையும் தங்கள் முழங்கால்களையும் அல்லாஹ் நலமாக்கி வைப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உயிருடனிருக்கும் மைத்துனன்,
ஷரிபுதீன்.

பின்குறிப்பு: கடிதத்த மடிச்சு எடுத்துக்கிட்டு, பகல் பஸ்ஸில தபால் போறத்துக்கு முன்னம் சேர்ப்பம் எண்டு கடப்படிக்கு வந்தா, அதே பஸ்ஸில வந்து இறங்கி நீ நிக்கிறாய். விடிய முன்னமே பதுளையில வெளிக்கிட்டாயாம், கண் ரெண்டும் சிவந்து கிடக்கு. "மௌத்தான ஆள் எங்க போறாய்?" எண்டு கேட்டுப்போட்டு என்னைக் கட்டிப்பிடிச்சாய். நான் இதைக் கையில தந்தன். நீ வாசல்லயே நிண்டு முழுக்க வாசிச்சாய். குந்தி வாசியன் எண்டு ஆயிஷா பாய் விரிச்சா, நீ பாயப் பார்க்கிறாய், கதிரையப் பார்க்கிறாய், மறுகாப் பாயப் பார்க்கிறாய். கடைசியாத்தான் சொன்னாய்: "எனக்கும் முழங்கால் மடங்காது ஷரிபுதீன். நீ நொண்டுறத அண்டைக்குக் கண்டுதான் கூப்பிட்டனான். நீ ஏலாது எண்டுவாய், உனக்குத் துணைக்கு எண்டு நானும் மேசைக்கு வரலாம் எண்டு நினைச்சன். நீ என்னைக் கூப்பிடாமத் தனியப் போயிட்டாய்." அந்தக் கலியாணத்தில நீ சகன்ல குந்தி, பொறவு ஒழும்ப ஏலாமச் சனம் போகும்வரை இருந்து, மூணு பேர் சேர்ந்து தூக்கி விட்டாங்களாமே. மூணு வருஷக் கோவமும் அதுக்காடா?

அந்த நேரம் முகைதீன்பாவா ஊட்டுச் சகன் சோறும் வந்துட்டு. ஆயிஷா பெட்டகத்தத் திறந்து உருளைத் தலகணிய உனக்குப் போட்டா, அடி நெளிஞ்ச மரைக்கால எனக்குக் கவிட்டு வைச்சா. எனக்கு முட்டுத் தேவையில்லத்தான், நீ தனிய வெக்கப்படுவாய் எண்டு குந்தினன். நாங்க ரெண்டு பேரும் ஒரு சகன்ல கை போட்டம், ஆயிஷா குசினிக் கதவில சாய்ஞ்சு பார்த்துக்கிட்டு நிண்டா. இது நடந்து பகல் லுஹருத் தொழுகை நேரமும் முடியப்போகுது, சகனையும் எடுத்துக் கழுவியாச்சு, இந்தப் பின்குறிப்பையும் நான் பாயில இருந்துதான் எழுதுறன். நீ பக்கத்தில இருந்து எழுத்துப்பிழை பார்க்கிறாய். நாங்க ரெண்டு பேரும் இன்னும் ஒழும்பல்ல. மாஸ்டரக் கூட்டி வர ஆள் போயிருக்கு.